கணையத் திசுவிலிருந்து எடுத்த மையில் இன்சுலின் செல்களை அச்சிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் முழுக் கணையத்தையே அச்சிட்டு எடுத்துவிட்டார்களா?

இல்லை. இன்சுலின் சுரக்கும் செல்களைக் கூழ் போன்ற மையில் கலந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டது பற்றிய செய்தித் தலைப்புகள் அப்படி ஓர் எண்ணத்தை உண்டாக்குகின்றன, அவ்வளவுதான். கணையம் இரண்டு வேலைகளைச் செய்யும் உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே உள்ள சிறுசிறு செல் கூட்டங்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை முதன்முதலில் விவரித்தார் என்பதால் இவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படுகின்றன. ஒரு மனிதரின் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் இருக்கும். நீரிழிவுக்காக அச்சிட முயல்வது இந்தத் திட்டுகளையும் அவை வாழ்வதற்கான சூழலையும் மட்டுமே. செரிமான நீர் சுரக்கும் பகுதியை இந்த ஆய்வுகளில் அச்சிட முயல்வதில்லை. நீரிழிவைப் பொறுத்தவரை அதற்கான தேவையும் இல்லை.

இன்சுலின் ஊசியும் பம்பும் இருக்கும்போது இது எதற்கு?

1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட நாளிலிருந்து, வகை 1 நீரிழிவு (இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடும் வகை) உடனடியாக உயிரைப் பறிக்கும் நோய் என்ற நிலை மாறிவிட்டது. ஆனால் ஊசி மூலம் போடும் இன்சுலின் என்பது ஒரு கணிப்பு: சாப்பிடப் போவது எவ்வளவு, நடக்கப் போவது எவ்வளவு என்று முன்கூட்டியே எண்ணிப் போட வேண்டியிருக்கிறது. பீட்டா செல்லோ ரத்தத்தில் சர்க்கரை ஏறியதை அடுத்த சில நிமிடங்களில் உணர்ந்து சுரக்கிறது, இறங்கியதும் நிறுத்திக்கொள்கிறது. சர்க்கரை தாழ்வதற்கான முன்னறிகுறிகளையே உணர முடியாமல் திடீரென நினைவிழந்து விழும் நோயாளிகளுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. மற்றபடி, தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியோடு இணைந்து தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும் பம்புகள் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டன. எனவே இன்றைக்கு வகை 1 நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கைக்கு எட்டக்கூடிய முன்னேற்றம் அந்தப் பம்புகளே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

திட்டுகளை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோவின் குழு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த திட்டுகளை ஏழு நோயாளிகளுக்குச் செலுத்தியது. ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்த முடிந்தது. இது 2000-இல் வெளியானபோது உலகம் முழுவதும் பெரும் நம்பிக்கை எழுந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இறந்த கொடையாளர்களின் திட்டுகளைக் கொண்ட லான்டிட்ரா என்னும் சிகிச்சைக்கு 2023 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

இந்த முறையில் திட்டுகள் கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் செலுத்தப்படுகின்றன; அவை கல்லீரலின் நுண்குழாய்களில் தங்கி வேலை செய்ய வேண்டும். ரத்தத்தை நேரடியாகத் தொட்டவுடன் உறைதலும் அழற்சியும் தொடங்குவதால், செலுத்திய திட்டுகளில் பாதியோ அதற்கு மேலுமோ முதல் சில நாட்களிலேயே அழிந்துவிடலாம். ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று கொடையாளர்களின் கணையம் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லீரலுக்குள் சிதறிய திட்டுகளைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

பிரித்தெடுக்கும்போது திட்டுகளுக்கு என்ன ஆகிறது?

அச்சிடும் ஆய்வு முழுவதற்கும் தொடக்கப் புள்ளி இந்தக் கேள்விதான். கொடையாளரின் கணையத்துக்குள் கொலாஜினேஸ் என்னும் நொதியைச் செலுத்தி, கமில்லோ ரிகார்டி 1980-களின் பிற்பகுதியில் வடிவமைத்த கலத்துக்குள் இட்டு, சிறு உருண்டைகளோடு சேர்த்துக் குலுக்குகிறார்கள். நொதி, கணையத்தைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தின் பின்னலைக் கரைக்க, திட்டுகள் உதிர்ந்து தனியே வருகின்றன.

ஆனால் கொலாஜினேஸுக்குக் கணையத்தின் பின்னல் எது, திட்டின் சொந்த உறை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு திட்டையும் சுற்றி லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் முதலிய புரதங்களால் ஆன மெல்லிய உறை ஒன்று உண்டு. பீட்டா செல்கள் அதைப் பற்றிக்கொண்டே வாழ்கின்றன. அந்தப் பிடியிலிருந்து வரும் சமிக்ஞைகள்தாம் அவற்றின் உயிர்வாழ்வையும் சுரப்பையும் தாங்கி நிற்கின்றன. பற்றுக்கோடு அறுந்த செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் இயல்புடையது. அதோடு, கணையத்துக்கு வரும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தனக்கென எடுத்துக்கொண்டிருந்த திட்டு, நுண்குழாய்கள் எல்லாம் அறுபட்டு, சுற்றியுள்ள திரவத்திலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜனை மட்டுமே நம்பியிருக்க நேர்கிறது.

நாற்றங்காலில் வேரை அலசி மண்ணில்லாமல் பிடுங்கிய நாற்றுக்கும், தாய்மண்ணோடு பெயர்த்த கன்றுக்கும் உள்ள வேறுபாடு விவசாயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெல் நாற்று தாங்கிக்கொள்ளும், மாங்கன்று தாங்காது. திட்டுகள் மாங்கன்றின் இனம். திசுவிலிருந்து எடுக்கும் மை என்பது அந்தத் தாய்மண்ணைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி. அச்சுப்பொறி அதற்கு ஒரு கருவி மட்டுமே.

பயோஇங்க் என்பது என்ன? திசுவிலிருந்து அதை எப்படி எடுக்கிறார்கள்?

உயிருள்ள செல்களைச் சுமந்துகொண்டு ஊசிமுனை வழியே வெளியேறி, வெளியேறிய வடிவத்திலேயே நிற்கக்கூடிய கூழ்மம்தான் பயோஇங்க். (தமிழில் ‘உயிர்மை’ என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் இங்கே பயோஇங்க் என்றே எழுதுகிறோம்.)

திசுவிலிருந்து அதை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். கணையத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சோப்புத் தன்மையுள்ள கரைசல்களில் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில், சுழலவிடுகிறார்கள். இதற்குப் பயன்படும் சோடியம் டோடெசில் சல்பேட், நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஷாம்பூக்களின் நுரைப்பொருளுக்கு நெருங்கிய உறவு. அது செல்களின் சவ்வைக் கரைத்து உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. மிஞ்சும் டிஎன்ஏவை நொதியால் சிதைக்கிறார்கள்; கொழுப்பைத் தனியே நீக்குகிறார்கள். மனிதக் கணையத்தில் கொழுப்பு அதிகம். அதை முழுவதும் நீக்காவிட்டால் பின்னால் மை ஒழுங்காக உறையாது என்பதால் இந்தப் படியில் அவசரம் கூடாது. இறுதியில், செல் எதுவும் இல்லாத, வெளுத்த பஞ்சு போன்ற புரதப் பின்னல் எஞ்சுகிறது. அதன் உலர் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கும் குறைவான டிஎன்ஏ இருந்தால்தான் செல் நீக்கம் முடிந்தது என்று ஏற்பது இத்துறையின் வழக்கம்.

அந்தப் பஞ்சை உறைய வைத்து உலர்த்தி, பொடியாக்கி, நம் வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் அதே பெப்சினைக் கொண்டு அமிலத்தில் கரைக்கிறார்கள். பிறகு அமிலத்தன்மையை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் மை தயார். குளிர்ந்த நிலையில் அது திரவம். உடலின் வெப்பமான 37 டிகிரி செல்சியஸை எட்டியதும் தானே உறைந்து கூழாகிவிடும். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறைகிறது; இது நேர் எதிர், சூடானால் உறைகிறது. காரணம், சூப்பில் இருப்பது வெந்து சிதைந்த கொலாஜன். இங்கே கொலாஜன் இழைகள் சிதையாமல் இருப்பதால் உடல் வெப்பத்தில் ஒன்றோடொன்று மீண்டும் பின்னிக்கொள்கின்றன.

கணையத் திசுதான் வேண்டுமா? கடையில் கிடைக்கும் கொலாஜன் போதாதா?

ஒவ்வொரு திசுவின் பின்னலும் தனிக் கலவை. தென்கொரியாவின் போஹாங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டோங்வூ சோவின் குழு, கொழுப்பு, குருத்தெலும்பு, இதயம் ஆகியவற்றிலிருந்து தனித்தனியே எடுத்த மைகளை 2014-இல் அறிமுகப்படுத்தியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பால்குனி பதி இப்போது ஹைதராபாத் ஐஐடியில் பணியாற்றுகிறார். அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் பன்றியின் கணையத் திசுவிலிருந்து மை எடுத்து, அதில் வைத்த திட்டுகளும் ஸ்டெம் செல்லிலிருந்து (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) உருவாக்கிய இன்சுலின் செல்களும் கூடுதலாகச் சுரப்பதைக் காட்டினர்.

எனினும், சோப்பும் பெப்சினும் திசுவின் நுண்கட்டமைப்பை எப்படியும் சிதைத்துவிடுகின்றன. மிஞ்சுவது வீட்டின் செங்கற்கள், வீடு அல்ல. மேலும் ஒரு கொடையாளரின் கணையம் போல இன்னொருவருடையது இராது. வயது, கொழுப்பு, நோய் எல்லாம் மையின் கலவையை மாற்றும். மருந்தாக ஒப்புதல் பெற வேண்டிய பொருளுக்கு இது சிறிய குறை அல்ல.

பிறகு ஏன் மையில் ஆல்ஜினேட் என்னும் கடற்பாசிப் பொருளையும் கலக்கிறார்கள்?

திசுவிலிருந்து எடுத்த மை செல்களுக்கு உகந்தது, ஆனால் தளர்ந்தது. தனியே அச்சிட்டால் கோடு பரவிவிடும். ஆல்ஜினேட்டோ கால்சியம் பட்டவுடன் நொடிகளில் கெட்டியாகும். செல்கள் அதை ஒட்டிப் பிடிப்பதில்லை. உடலும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே வடிவத்துக்கு ஆல்ஜினேட், வாழ்வுக்குத் திசுப் பின்னல் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் அழைக்கப்படும் பழுப்புக் கடற்பாசிகள் ஆல்ஜினேட்டுக்காகச் சேகரிக்கப்படுபவைதான். ஆய்வகத்தில் பயன்படுவது மிக உயர்ந்த தூய்மை கொண்ட வகை என்றாலும், மூலப்பொருள் அதே குடும்பத்துப் பாசி.

அச்சிடும்போது செல்கள் நசுங்கிவிடாதா?

நசுங்கக்கூடும். குறுகிய ஊசிமுனை வழியே கூழ்மத்தைத் தள்ளும்போது உண்டாகும் உராய்வு விசை, ஏற்கெனவே நலிந்திருக்கும் திட்டுகளை உடைத்துவிடும். 2025-இல் லண்டனில் நடந்த ஐரோப்பிய உறுப்பு மாற்றுச் சங்க மாநாட்டில் குவென்டின் பெரியே தலைமையிலான பன்னாட்டுக் குழு முன்வைத்த ஆய்வின் சிறப்பு இங்கேதான். மனிதக் கணையத்திலிருந்து எடுத்த பின்னலையும் ஆல்ஜினேட்டையும் கலந்த மையில் மனிதத் திட்டுகளை இட்டு, 30 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் அச்சிட்டனர். 30 கிலோபாஸ்கல் என்பது ரத்த அழுத்தக் கருவியின் அளவில் சுமார் 225. இயல்பான மேல் அழுத்தமான 120-ஐப் போல் இரண்டு மடங்குகூட இல்லை. நிமிடத்துக்கு 20 மில்லிமீட்டர் என்பது நொடிக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர், மிக மெதுவான வேகம்.

இவ்வாறு அச்சிடப்பட்ட திட்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்கள் உயிருடன் இருந்தன. மூன்று வாரங்கள் வரை சுரந்தன. சுரப்பைச் சோதிக்கும் முறையும் எளிதில் புரியக்கூடியது. இத்தகைய சோதனைகளில் திட்டுகளை முதலில் குளுக்கோஸ் குறைந்த திரவத்திலும், பிறகு மிகுந்த திரவத்திலும் வைத்து, இரண்டிலும் சுரந்த இன்சுலினை ஒப்பிடுவார்கள். வழக்கமாகப் பயன்படும் இரண்டு அளவுகளை நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 50, 300 மி.கி. என்று வரும். ஐம்பதிலும் முந்நூறிலும் ஒரே அளவு சுரக்கும் திட்டு, கசியும் குழாய்க்குச் சமம். அதை உடலில் வைப்பது ஆபத்து.

ஆனால் மூன்று வாரம் என்பது ஆய்வகத் தட்டில் மூன்று வாரம். மனித உடலில் அல்ல.

அச்சிட்டதை உடலில் எங்கே வைப்பார்கள்?

தோலுக்கடியில் வைப்பதே பெரியேயின் குழுவுடைய நோக்கம். மரத்துப்போகும் ஊசியும் சிறு கீறலும் போதும். கோளாறு என்றால் வெளியே எடுத்துவிடலாம். கல்லீரலில் செலுத்தியதற்கு இந்த வசதி கிடையாது. குறை என்னவென்றால் தோலுக்கடியில் ரத்த ஓட்டம் குறைவு. ஆக்சிஜன் ஒரு ரத்த நாளத்திலிருந்து 100 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) தொலைவு வரைதான் திசுவுக்குள் கசிந்து செல்லும். பீட்டா செல்லோ ஆக்சிஜன் பசி மிகுந்தது. திட்டுகளைக் கொத்தாகக் குவித்தால் நடுவிலிருப்பவை மூச்சுத்திணறிச் சாகும். இடைவெளிகள் உள்ள வலைபோல அச்சிடுவதன் பயன், உடலின் ரத்த நாளங்கள் அந்த இடைவெளிகளுக்குள் வளர்ந்து வர வழி கிடைப்பதே.

ஒருவருக்கு எவ்வளவு அச்சிட வேண்டியிருக்கும்?

எட்மண்டன் அனுபவத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 10,000 திட்டுகள் தேவைப்பட்டன. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏழு லட்சம். திட்டின் சராசரி விட்டம் 150 மைக்ரான் என்று கொண்டால், ஏழு லட்சமும் சேர்ந்து ஒன்றேகால் மில்லிலிட்டர்தான். ஒரு தேக்கரண்டியில் கால் பங்கு. இவ்வளவு சிறிய பொருள் இல்லாததால்தான் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஊசியோடு வாழ்கிறார்.

ஆனால் திட்டுகளை நெருக்கியடித்து வைக்க முடியாது. மையின் கனஅளவில் அவை இருபதில் ஒரு பங்கு இருக்கட்டும் என்றால், 25 மில்லிலிட்டர் மை வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பரப்பினால் 250 சதுர சென்டிமீட்டர், அதாவது விரல்களை விரித்த பெரிய கையைவிட அகலம். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அச்சிடும் இழை அரை மில்லிமீட்டர் தடிமன், வேகம் நிமிடத்துக்கு 20 மில்லிமீட்டர் என்றால், ஒரே ஊசிமுனையைக் கொண்டு 25 மில்லிலிட்டரை அச்சிட நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். இது நாம் தோராயமாகப் போட்ட கணக்கு. பல ஊசிமுனைகள் வைக்கலாம், அடர்த்தியைக் கூட்டலாம். ஆயினும் ஆய்வகத்தில் சிறு துண்டு ஒன்றை அச்சிடுவதற்கும் ஒரு நோயாளிக்குப் போதுமானதை அச்சிடுவதற்கும் நடுவிலுள்ள தொலைவை இது காட்டுகிறது.

ரத்த நாளங்களையும் சேர்த்தே அச்சிட முடியுமா?

முயல்கிறார்கள். வார்சாவில் மிஹாவ் வ்ஷோலாவின் குழு, நாளங்களுக்கான வழிகளோடு கூடிய கணையத் திசு மாதிரியை 2019-இல் அச்சிட்டு, பிறகு விலங்குகளில் சோதித்தது. நாளத்தை அச்சிடுவதைவிட, உடலின் நாளத்தோடு அதை இணைத்து உறையாமல் ஓடவிடுவதுதான் கடினம்.

கொடையாளர்கள் கிடைக்காவிட்டால் ஸ்டெம் செல் போதுமா?

செல்கள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, அச்சு ஆய்வுகளுக்கு வெளியேதான் பெரிய விடை கிடைத்திருக்கிறது. வெர்டெக்ஸ் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை முழு அளவில் ஒரே தடவையாகப் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தனர் என்று 2025 ஜூனில் வெளியானது. அவை அச்சிடப்பட்டவை அல்ல. பழைய முறைப்படி போர்ட்டல் சிரையில் செலுத்தப்பட்டவை. நாளை அச்சுப்பொறியில் ஏறப்போவதும் பெரும்பாலும் இத்தகைய செல்களாகவே இருக்கும் என்பது எம் கணிப்பு.

நோயெதிர்ப்பு ஆற்றல் இவற்றைத் தாக்காதா? மை தடுத்துவிடுமா?

தாக்கும், மை தடுக்காது. வகை 1 நோயாளியிடம் இது இரட்டைப் பகை: அந்நியர் செல் என்பதற்காக ஒரு தாக்குதல், பீட்டா செல் என்பதற்காக இன்னொன்று. இரண்டையும் அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் அவற்றின் விலை. முக்கியமான ஒன்றான டாக்ரோலிமஸ் பீட்டா செல்லையே நலியச் செய்வது இதிலுள்ள கசப்பான வேடிக்கை. செல்களைத் தடுப்புறைக்குள் அடைத்துவைக்கும் வெர்டெக்ஸின் இன்னொரு முயற்சி, போதிய பலன் தராததால் 2025-இல் நிறுத்தப்பட்டது. ஸ்வீடனின் உப்சாலாவில், நோயெதிர்ப்பின் கண்ணில் படாதவாறு மரபணு திருத்திய திட்டுகளை ஒரு நோயாளியின் முன்கைத் தசையில் வைத்தனர். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே அவை பிழைத்து இன்சுலின் சுரந்தன. அளவு சிறிது என்பதால் அவர் ஊசியை விடவில்லை. ஆனாலும் அச்சிடும் ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருக்கும் துணை இதுவே.

வகை 2 நீரிழிவுக்குப் பயன்படுமா?

இப்போதைக்கு இல்லை. அங்கே அடிப்படைச் சிக்கல், இருக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதது. கணைய அழற்சியால் கணையத்தையே இழந்தவர்களுக்குப் பயன்பட வாய்ப்புண்டு.

பன்றித் திசு என்பதால் மத அடிப்படையில் தயக்கம் வருகிறதே?

எல்லா ஆய்வுகளும் பன்றியை நம்பியிருக்கவில்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்வின் மை மனிதக் கணையத்திலிருந்து எடுத்தது. பன்றித் திசுவிலும் செல்கள் நீக்கப்பட்டுப் புரதமே எஞ்சுகிறது என்றாலும், தயக்கம் உள்ளவர்களுக்கு அது விடையாகாது. பல பத்தாண்டுகள் உலகமே பன்றி, மாட்டுக் கணையங்களின் இன்சுலினைப் போட்டுக்கொண்டு வாழ்ந்தது. உயிர்காக்கும் தேவை கருதிச் சமயப் பெரியோர் பலர் அதை அனுமதித்தனர். முடிவு நோயாளியுடையது, மூலம் எது என்று முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருடையது.

இந்தச் சிகிச்சை இப்போது எங்கேனும் கிடைக்குமா?

கிடைக்காது. அச்சிட்ட கணையத் திசு எந்த நாட்டிலும் வழக்கமான சிகிச்சையாக ஒப்புதல் பெறவில்லை. இந்தியாவில், ரத்த நோய்கள் போன்ற ஒப்புக்கொள்ளப்பட்ட சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகத் தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்கெனப் பணம் கேட்டால், அதை அங்கேயே சந்தேகிக்கலாம்.

அடுத்து வரும் செய்திகளில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்றைப் பார்க்கலாம். முதலாவது, எந்த விலங்கு, எத்தனை மாதம் என்பது; எலியில் மூன்று வாரம் என்றால் நிதானமாகப் படியுங்கள், பன்றியிலோ குரங்கிலோ ஆறு மாதம் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டாவது, சி-பெப்டைடு அளவு. உடல் இன்சுலினைத் தானே தயாரிக்கும்போது மட்டும் கூடவே வெளிப்படும் துண்டு அது. ஊசி இன்சுலினில் இராது. ஆகவே சுரந்தது வைத்த திசுவா, போட்ட ஊசியா என்பதை அது பிரித்துக் காட்டிவிடும்.

மூன்றாவதுதான் மிகவும் கறாரான சோதனை. நீரிழிவுள்ள விலங்கில் அச்சிட்ட திசுவை வைத்து, சர்க்கரை இயல்புக்கு வந்து நிலைத்த பிறகு, அந்தத் திசுவை அறுத்து வெளியே எடுத்துவிடுவார்கள். அடுத்த நாட்களில் சர்க்கரை மறுபடி ஏறினால், அதுவரை வேலை செய்தது அந்தத் திசுவேதான். ஏறாவிட்டால், விலங்கின் சொந்தக் கணையம் எப்படியோ தேறிக்கொண்டது என்றும், அச்சிட்டது சும்மா இருந்திருக்கலாம் என்றும் பொருள்.